பொன்னுரங்கம் காட்டிய மாற்றுப்பாதை

ஒரு காட்டில், சாலை போட ஆரம்பிப்பதற்கு முன்பு, எல்லாரும் போக வேண்டிய இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

சிங்க மகாராஜாவுக்கு இது ஒரு குறையாகவே இருந்தது. பக்கத்துக் காட்டு ராஜா எந்த விசேஷத்துக்கும் இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் வருவார். வந்ததும் பிடரியைச் சிலுப்பிக்கொண்டு, "என்ன பண்றது, எங்க பக்கம் டிராஃபிக் அப்படி" என்பார். அப்படிச் சொல்லிக்கொள்ள நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கவலையில் மகாராஜா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள், காட்டின் நாலு மூலையையும் இணைக்கும் எட்டு வழிச் சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

ஒப்பந்தம் பெருச்சாளிக்குப் போனது. தோண்டுவதில் பெருச்சாளியை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. தோண்டியதை மூட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது.

ஆறே மாதத்தில் காடு முழுக்க நீலத் தகரத் தடுப்புகளும் ஆரஞ்சு நிறப் பீப்பாய்களும் முளைத்தன. சாலைதான் வரப்போகிறதே என்று, அதுவரை நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வண்டி வாங்கினார்கள். நத்தைகூட ஒரு ஸ்கூட்டர் வாங்கி, முன்பைவிட மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாவல்மரச் சந்திப்பில் குழாய் பதிக்க ஒரு பள்ளம் தோண்டினார்கள். சின்னப் பள்ளம். மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளும் நேர்சாலையைத் தகரம் வைத்து அடைத்து, வண்டிகளை இடதுபக்கம் திருப்பிவிட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்குக் கூப்பிடப்பட்டவன்தான் பொன்னுரங்கம் என்ற கழுதை.

பொன்னுரங்கம் நெடுஞ்சாலைத் துறையில் ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியன். தார் டின் சுமந்தான், ஜல்லி சுமந்தான், ஒருமுறை அதிகாரி வீடு மாறியபோது ஃபிரிட்ஜையும் சுமந்தான். ஒவ்வொரு முறையும், "அடுத்த லிஸ்ட்ல உன் பேர் இருக்கும்" என்றார்கள். அடுத்த லிஸ்ட் வரும். அதில் வேறு யாருடைய மைத்துனர் பெயராவது இருக்கும்.

அவனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான். மனைவி செங்கமலத்துக்கு முழங்கால் வீக்கம். துறை ஆஸ்பத்திரியில் நிரந்தர ஊழியர் குடும்பத்துக்கு மட்டும்தான் வைத்தியம். போன வருடம் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனபோது, சீட்டு கொடுக்கும் இடத்தில் இருந்த வாத்து மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீங்க டெம்பரரியா? அப்ப வலியும் டெம்பரரியாத்தான் இருக்கும். போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டது.

நாவல்மரச் சந்திப்பில் பொன்னுரங்கத்தை நேர்முகத் தேர்வு செய்தவர் உதவிப் பொறியாளர். ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றபடியே கேட்டார்.

"உனக்கு என்னப்பா தெரியும்?"

"நிக்கத் தெரியும் சார்."

"எவ்வளவு நேரம் நிப்ப?"

"நீங்க போகச் சொல்ற வரைக்கும்."

கொக்கு பரவசத்தில் காலை மாற்றிக்கொண்டது. "உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா இந்தத் துறை எங்கேயோ போயிருக்கும்யா!" என்று சொல்லி, ஓர் ஆரஞ்சு நிறச் சட்டையும், இடதுபக்கம் அம்புக்குறி போட்ட பலகை ஒன்றும் கொடுத்தது. பலகையில் 'மாற்றுப்பாதை' என்று எழுதியிருந்தது.

"அம்பு காட்டுற பக்கம் அனுப்பு. யார் என்ன கேட்டாலும் சிரமத்துக்கு வருந்துகிறோம்னு சொல்லு. வேற வார்த்தை பேசாதே. பேசினா அது துறையோட கருத்தாயிடும்."

மூன்று நாள் நின்றான். நாலாம் நாள் யாராவது வந்து போகச் சொல்வார்கள் என்று பார்த்தான். வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. நின்றான். நின்றுகொண்டே தூங்கவும் அவனுக்கு வரும் என்பதால் பெரிய கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. நாலு மாதம் ஓடிவிட்டது.

செங்கமலம் தினமும் மூன்று மைல் நொண்டி நொண்டி நடந்து சாப்பாடு கொண்டுவருவாள். தூக்குவாளியின் கீழடுக்கில் சினிமா போஸ்டர், நடு அடுக்கில் தேர்தல் போஸ்டர், மேலே தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

"தேர்தல் போஸ்டர் செரிக்கவே மாட்டேங்குது செங்கமலம்."

"பசை ஜாஸ்தி. மெதுவா மென்னு சாப்பிடுங்க."

அவன் முன்னால் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, புழுதி பறக்க வந்து, இடதுபக்கம் திரும்பிப் போயின. நெரிசலில் அணில்கள் வெள்ளரிப்பிஞ்சு விற்றன. ஒரு லாரியில் முட்டையாக ஏறியவை குஞ்சுகளாக எட்டிப் பார்த்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்யாண வேன் ஒன்று வந்தது. முன்கண்ணாடியில் சாமந்தி மாலை. மேலே 'கனகவேல் – மரிக்கொழுந்து' என்று தெர்மோகோல் எழுத்து. உள்ளே மாப்பிள்ளை வீட்டு முள்ளம்பன்றிகள் பதினெட்டுப் பேர். ஒரே வேனில் பதினெட்டு முள்ளம்பன்றி என்றால், யார் முள் யாரைக் குத்துகிறது என்பதிலேயே பாதி வழி சண்டையில் போய்விடும். முன்சீட்டில் இருந்த தாய்மாமன் சடையாண்டி தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

"ஏம்ப்பா, நெல்லிமேட்டுக்கு எவ்வளவு தூரம்? கல்யாணம் அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதான். நெரிசல் இருக்கும்னுதான் இப்பவே கெளம்பிட்டோம்."

"சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றான் பொன்னுரங்கம். வேன் இடதுபக்கம் போனது.

வியாழக்கிழமை இன்னொரு கல்யாண வேன் வந்தது. அதிலும் சாமந்தி மாலைதான், கொஞ்சம் வாடியிருந்தது. அதிலும் முள்ளம்பன்றிகள். முகூர்த்த நாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். சனிக்கிழமை இன்னொன்று. மாலை சருகாகியிருந்தது. 'மரிக்கொழுந்து' என்பதில் 'மரிக்' உதிர்ந்து வெறும் 'கொழுந்து' இருந்தது. பொன்னுரங்கம் அந்த வேனைப் பின்கண்ணாடி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

அன்று மத்தியானம் கீழே கிடந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்து, தன்னைக் கடந்துபோன ஒவ்வொரு வண்டியின் பின்பக்கத்திலும் ஒரு கோடு போட்டான். இரண்டு நாள் கழித்து, வந்த வண்டிகளில் எல்லாம் ஒரு கோடு இருந்தது. இன்னொன்று போட்டான். அடுத்த இரண்டு நாளில் எல்லாவற்றிலும் இரண்டு கோடு. நத்தையின் ஸ்கூட்டர் மட்டும் கோடு இல்லாமல் வந்தது. அது இன்னும் முதல் சுற்றையே முடிக்கவில்லை.

விஷயம் இதுதான். நாவல்மரத்தில் இடதுபக்கம் திரும்பினால் எருமைக்குளம். அங்கே சாலையைத் தோண்டிவிட்டு ஒரு மாற்றுப்பாதைப் பலகை வைத்திருந்தார்கள், அதுவும் இடதுபக்கம். அடுத்தது புற்றுக்கரை, அங்கேயும் இடது. அதற்கடுத்து பழைய பாலம், அங்கேயும் இடது. நாலு முறை இடதுபக்கம் திரும்பினால் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்போம் என்பது யாருக்குத்தான் தெரியாது? ஆனால் நாலு திருப்பத்துக்குள் இரண்டு நாள் போய்விட்டால், இது எத்தனையாவது திருப்பம் என்று யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. நகர்கிற வண்டியில் இருப்பவர்களுக்கு, போய்க்கொண்டிருக்கிறோம் என்றுதான் தோன்றும். ஒரே இடத்தில் நின்றவன் பொன்னுரங்கம் ஒருவன்தான். அதனால் அவனுக்குத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கொக்கு வண்டிக் கணக்கெடுக்க வந்தபோது, பொன்னுரங்கம் ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தானாகப் பேசினான்.

"சார், வண்டி எல்லாம் சுத்திச் சுத்தி இங்கயே வருது சார். மொத்தமே முந்நூறுதான். நான் கோடு போட்டுப் பாத்துட்டேன்."

கொக்கு அக்கம்பக்கம் பார்த்தது. "மெதுவாப் பேசு."

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"போன மாசம் இந்தச் சந்திப்பைக் கடந்தது நாலாயிரத்து ஐந்நூறு வண்டி. நோட்டுல எழுதும்போது கை நடுங்கி ஒரு சைபர் கூடிடுச்சு. நாற்பத்தஞ்சாயிரம். அதைப் பாத்துட்டு மேலிடத்துல எட்டு வழி பத்தாது, பதினாறு வழி போடுங்கன்னு உத்தரவு தயாராகுது. இப்பப் போய் முந்நூறுன்னு சொன்னா நல்லா இருக்குமா?"

"ஆனா யாரும் போய்ச் சேரலையே சார்?"

"போய்ச் சேர்றது அவங்கவங்க சொந்த விஷயம். அவங்களைப் போக வைக்கிறதுதான் நம்ம துறையோட வேலை. போறாங்களா இல்லையா?"

"போறாங்க சார்."

"அப்புறம் என்ன?" கொக்கு அவன் தோளில் இறக்கையை வைத்தது. குரல் குழைந்தது. "பொன்னுரங்கம், திங்கக்கிழமை அமைச்சர் இங்க வர்றார். அன்னைக்கே உன்னோட பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து. உன் பேரை நானே என் மூக்கால டைப் அடிச்சு அனுப்பியிருக்கேன். இன்னும் ரெண்டே நாள். அம்பு இருக்கிற பக்கமே இருக்கட்டும்."

அன்று சாப்பாடு இறங்கவில்லை. சினிமா போஸ்டரில் கதாநாயகன் முகத்தோடு நிறுத்திவிட்டான். செங்கமலம் என்னவென்று கேட்டாள். சொன்னான். அவள் நியாயத்தின் பக்கம் நிற்பாள் என்று எதிர்பார்த்தான்.

"திங்கக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க" என்றாள் அவள்.

"பாவம் செங்கமலம். அந்தக் கல்யாண வேன்…"

"நாலு மாசமாச் சுத்தறவங்க இன்னும் ரெண்டு நாள் சுத்தினா ஒண்ணும் ஆகாது. செவ்வாக்கிழமை நீங்களே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுங்க, நானும் கூட வந்து சொல்றேன். என் காலைப் பாருங்க." பார்த்தான். பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பலகையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் மறுபடியும் வந்தது. சாமந்தி மாலையில் நார் மட்டும் இருந்தது. தெர்மோகோலில் 'கன' என்ற இரண்டே எழுத்து. வேன் அசையாமல் நிற்க, பின்கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளை கனகவேல் இறங்கி வந்தான். பட்டு வேட்டி முழுக்க அவன் முள்ளே குத்திய ஓட்டை.

"அண்ணே, பத்தரைக்கு முகூர்த்தம். நெல்லிமேடு இன்னும் எவ்வளவு தூரம்ணே?"

பொன்னுரங்கத்துக்கு 'சிரமத்துக்கு' என்பதுவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"அவங்க வீட்ல இருந்து போன் பண்ணினாங்கண்ணே. பத்தரைக்குள்ள நான் வரலைன்னா, அந்தத் தெருவுலயே ஒரு மாப்பிள்ளை இருக்கானாம், அவனுக்குக் கட்டி வச்சுடுவாங்களாம். ஆள் எப்படின்னு கேட்டேன். சாலையைத் தாண்ட வேண்டியதில்லை, அதுவே பெரிய தகுதிங்கறாங்க." கனகவேல் மூக்கை உறிஞ்சினான். "நான் மரிக்கொழுந்தை ஒரே ஒரு தடவைதான்ணே பாத்தேன். என் முள்ளைப் பாத்து அது பயப்படல. சிரிச்சுது."

பொன்னுரங்கம் திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் இருந்த தகரத் தடுப்பைப் பார்த்தான். நாலு மாதமாக அதற்கு முதுகைக் காட்டியே நின்றிருக்கிறான். ஒரு நாள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை; அது அவன் வேலை இல்லை. இப்போது பலகையைக் கீழே வைத்துவிட்டு, முன்னங்கால்களைத் தகரத்தின்மேல் போட்டு எட்டிப் பார்த்தான்.

பள்ளத்தைக் காணோம். மூன்றாம் நாளே மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூடிய இடத்தில் தும்பைச் செடி முளைத்துப் பூத்திருந்தது. அதற்கு அப்பால் நேர்சாலை துடைத்துவிட்டதுபோல் நெல்லிமேடுவரை கிடந்தது. நடுச்சாலையில் ஓர் ஓணான் மல்லாந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

வந்தது கோபமா அழுகையா என்று பொன்னுரங்கத்துக்கே தெரியவில்லை. இந்தச் சாலையைத்தான் இத்தனை நாளாக ஒருவரும் போகாமல் காவல் காத்திருக்கிறான். தகரத்தை ஒரே உதை உதைத்தான். அது சாய்ந்தது.

"நேராப் போங்க தம்பி! இருபது நிமிஷம்தான்!"

கனகவேல் துள்ளிக்கொண்டு ஓடி வேனில் ஏறினான். ஆனால் வேன் நகரவில்லை. தாய்மாமன் சடையாண்டி இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"யாரைக் கேட்டுத் திறந்த?"

"ரோடு நல்லா இருக்குங்க. நீங்களே பாருங்க."

"நல்லா இருக்கிற ரோட்டை எவனாவது மூடி வைப்பானா? இதுல ஏதோ இருக்கு. போன தடவை பாத்த கழுதை இடதுபக்கம்னு சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி பாத்த கழுதையும் இடதுன்னுதான் சொல்லுச்சு."

"எல்லாமே நான்தாங்க."

"நாங்க இடத்துக்கு ஒரு கழுதையை நிறுத்தியிருக்காங்கன்னுல்ல நெனச்சோம்! ஆறு கழுதை சொன்னதை விட்டுட்டு நீ ஒருத்தன் சொல்றதை நம்பி, பதினெட்டு உசுரை ஏத்திக்கிட்டு நான் அந்தப் பக்கம் போகணுமா? ஆர்டர் காப்பி இருக்கா?"

பின்னால் இருந்த வண்டிக்காரர்களும் இறங்கி வந்துவிட்டார்கள். திறந்து கிடந்த சாலையை எட்டிப் பார்த்தார்கள். காலியாக இருந்ததைப் பார்த்ததும் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. "ஒரு வண்டிகூடப் போகலையே, அப்ப எங்கேயோ பாலம் உடைஞ்சிருக்கு" என்றது ஒரு மரநாய். "பாதி தூரம் போனதும் புடிச்சு ஃபைன் போடுவான்" என்றது ஓர் ஆமை. பொன்னுரங்கம் சத்தியம் செய்தான். தும்பைச் செடியைக் காட்டினான். நேர்சாலையில் தானே கொஞ்ச தூரம் ஓடிக் காட்டித் திரும்பி வந்தான். ஒருவரும் அசையவில்லை. இரண்டு வண்டிகள் வழக்கப்படி இடதுபக்கம் திரும்பத் தொடங்கின. மணி ஒன்பதரை.

அப்போதுதான் செங்கமலம் தூக்குவாளியோடு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். சாய்ந்து கிடந்த தகரத்தையும், வியர்த்துப்போய் நின்ற புருஷனையும், வேன் ஜன்னலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்த மாப்பிள்ளையையும் பார்த்தாள்.

"ஒரு நாள் பொறுக்க முடியலையா உங்களுக்கு?" என்றாள்.

"முடியல செங்கமலம்."

அவள் பெருமூச்சு விட்டாள். "எல்லாரையும் போகலாம்னு சொன்னா எவன் போவான்? தள்ளுங்க." செங்கல் துண்டை எடுத்தாள். சாய்ந்த தகரத்தை நேர்சாலையின் ஓரத்தில் நிமிர்த்தி வைத்து, பெரிய எழுத்தில் எழுதினாள்:

'இவ்வழி முக்கியப் பிரமுகர்களுக்கு மட்டும்.'

எல்லாரும் கிட்டே வந்து படித்தார்கள். பிறகு அந்த ஆமை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் குளத்துப் பஞ்சாயத்துல முன்னாள் துணைத் தலைவர்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வண்டியை நேராக விட்டது. "அவர் போனா நான் போகக் கூடாதா? எங்க அத்தை மருமகன் அரண்மனைச் சமையல்கட்டுல இருக்கான்" என்று மரநாய் ஆக்சிலேட்டரை மிதித்தது. தாய்மாமன் சடையாண்டி பலகையை இரண்டு தடவை படித்தார். முள்ளெல்லாம் சிலிர்த்து எழுந்தது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரனைவிட முக்கியப் பிரமுகர் எவன்டா? எடுறா வண்டியை!"

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. முந்நூறு வண்டிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு, நேர்சாலையில் பாய்ந்தன. அத்தனை பிரமுகர்கள் அந்தக் காட்டில் இருப்பது பொன்னுரங்கத்துக்கு அன்றுதான் தெரியும். வெயில் காய்ந்த ஓணான் அலறிப் புடைத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. அரை மணி நேரத்தில் நாவல்மரச் சந்திப்பு வெறிச்சோடிப் போனது. நாலு மாதத்தில் முதல் தடவையாகக் குயில் கூவியது காதில் விழுந்தது. கடைசியாக நத்தை வந்தது. பலகையைப் படித்துவிட்டு, ஸ்கூட்டரிலிருந்து இறங்கிப் பொன்னுரங்கத்தின் கையைக் குலுக்கிவிட்டுப் போனது.

பதினொரு மணிக்கு யாரோ ஒரு வண்டிக்காரர் திரும்பி வந்து, தாலி கட்டியாகிவிட்டது என்று சொன்னார். பெண் சிரித்ததாம். பொன்னுரங்கமும் செங்கமலமும் நாவல்மரத்தடியில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து, அன்றைக்குக் கல்யாண போஸ்டர் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை விடிந்தது.

நெடுஞ்சாலை அமைச்சர் காட்டெருமை, பதினாறு வழிச் சாலைக்கு அடிக்கல் நாட்ட வந்தார். கொக்கு முந்திய நாளே நடந்ததைக் கேள்விப்பட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றது, அவ்வளவு நடுக்கம். சந்திப்பில் ஒரு வண்டிகூட இல்லை.

"எங்கய்யா டிராஃபிக்?" என்றார் அமைச்சர். "நாற்பத்தஞ்சாயிரம் வண்டின்னு எழுதியிருக்கீங்க? ஒரு சைக்கிளைக்கூடக் காணோமே?"

கொக்கு கணக்கு நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. பொன்னுரங்கம் முன்னால் வந்து, "ஐயா, நேர்சாலை நல்லாத்தான் இருந்துது. நான்தான் திறந்துவிட்டேன். அதுக்கப்புறம் நெரிசலே இல்லை" என்றான். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது என்று இரவெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தான்.

அமைச்சர் கொம்பைத் திருப்புவதற்குள் பெருச்சாளி குறுக்கே பாய்ந்து, அவர் கழுத்தில் ஆள் உயர மாலை ஒன்றைப் போட்டது.

"இதுதாங்க நம்ம திட்டத்தோட வெற்றி! எட்டு வழிச் சாலைக்குக் குழி தோண்டினதுலயே நெரிசல் மொத்தமாத் தீர்ந்துபோச்சு. இன்னும் சாலையே போடலைங்க! போட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

அமைச்சர் யோசித்துப் பார்த்தார். கண் கலங்கியது. "அப்ப பதினாறு பத்தாது. முப்பத்திரண்டு வழி போட்டுடுங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். பெருச்சாளி அந்த இடத்திலேயே தோண்ட ஆரம்பித்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு கொக்கு பொன்னுரங்கத்தைத் தனியே அழைத்தது. மெமோதான் வரப்போகிறது என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். கொக்கு உறை ஒன்றை நீட்டியது. உள்ளே நிரந்தரப் பணி ஆணை. அமைச்சர் நல்ல மனநிலையில் இருந்ததால், நீட்டிய எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பொன்னுரங்கம் எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

"சார், இதுல மாற்றுப்பாதை காட்டும் ஊழியர், நாவல்மரச் சந்திப்பு, நிரந்தரம்னு போட்டிருக்கு."

"ஆமா."

"மாற்றுப்பாதை மூணு நாளைக்குத்தானே சார்?"

"ஆள் டெம்பரரியா இருந்தவரைக்கும் பாதையும் டெம்பரரி. இப்ப நீ பர்மனென்ட். பர்மனென்ட் ஆளுக்குப் பர்மனென்ட்டா ஒரு மாற்றுப்பாதை வேணும்ல? இல்லேன்னா உன்னை எந்தக் கணக்குல வச்சுச் சம்பளம் போடறது?"

"நேர்சாலை நல்லா இருக்கே சார்."

"நல்லா இருக்கிறதாலதான்யா மூடணும். கெட்டுப்போன சாலையா இருந்தா எவனும் தானாவே போகமாட்டான், அங்க உனக்கு என்ன வேலை?" கொக்கின் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "எல்லாம் உனக்காகத்தான்."

பொன்னுரங்கம் சாலையைப் பார்த்தான். ஆணையைப் பார்த்தான். மரத்தடியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செங்கமலத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் நின்றான். நிற்பதுதான் அவனுக்குத் தெரியுமே. பிறகு தகரத்தின்மேல் இருந்த செங்கல் எழுத்தைச் சட்டைத் துணியால் துடைத்தான். அழுத்தி அழுத்தித் துடைக்க வேண்டியிருந்தது. தகரத்தைத் தானே தோளால் தள்ளி, சாலையின் குறுக்கே வைத்தான்.

புதன்கிழமை செங்கமலத்துக்கு ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டார்கள். வியாழக்கிழமை அவள் நொண்டாமல் நடந்து வந்தாள். அதைப் பார்த்து அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமைக்குள் சந்திப்பில் இருநூறு வண்டிகள் சேர்ந்துவிட்டன.

வரிசையில் முன்னால் நின்ற ஒரு கிழட்டு உடும்பு, வண்டியிலிருந்து கழுத்தை நீட்டிக் கேட்டது. "ஏம்ப்பா, நேராப் போற ரோடு எப்ப திறப்பாங்க?"

பொன்னுரங்கம் பலகையை இடதுபக்கம் பார்க்கப் பிடித்துக்கொண்டு, உடும்பின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள திறந்துடுவாங்கன்னு சொல்றாங்க."

நீதி: நேர்வழி காட்ட விரும்புகிறவர்கள், வேலை நிரந்தரமாவதற்கு முன்பே காட்டிவிட வேண்டும்.